சொல்லாத பொருளும் சொல்லிக்கொடுத்த பொருளும்

தமிழ்ப்பள்ளியில் பயிலும் குழந்தை இலக்கியத்தின் வாயிலில் முதன்முதல் சந்திப்பது காப்பியமும் அன்று. சங்கப் பாடலும் அன்று. உவமைத்தொடர்ப் பட்டியலே ஆகும். இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள் என இரண்டு கட்டங்களாகப் பிரித்து அச்சிடப்பட்ட அப்பட்டியலைத் தொடக்க வகுப்புகளிலேயே அது மனனம் செய்யத் தொடங்குகின்றது. வலப்பக்கத்தில் உள்ளதைப் பிழையின்றி எழுதினால் மதிப்பெண் முழுமையாகக் கிடைக்கின்றது. இவ்வாறு ஆறாண்டுகள் பழகிய மாணவன் இடைநிலைப் பள்ளிக்குச் சென்று கவிதையையும் புதினத்தையும் கையில் எடுக்கும்பொழுது, அவற்றிற்கும் ஒரு வலப்பக்கக் கட்டம் இருக்கும் என்றே எதிர்பார்க்கின்றான். கட்டம் காணப்படாதவிடத்து ஆசிரியரின் முகத்தைப் பார்க்கின்றான், பாடலைப் பார்ப்பதில்லை.

‘இலைமறை காய் போல’ என்னும் தொடரை எடுத்துக்கொள்ளலாம். ‘வெளியே தெரியாமல் இருத்தல்’ என்பது வலப்பக்கத்துப் பொருள். இதனை மட்டும் அறிந்த மாணவன், ‘காவலர் தேடி வந்தபொழுது திருடன் இலைமறை காய் போலக் கட்டிலடியில் கிடந்தான்’ என்று வாக்கியம் அமைத்தால் அதில் குற்றம் காண்பது எளிதன்று. பட்டியலின்படி அது சரியே. ஆயினும் தமிழ்ச்செவி அதனை ஏற்பதில்லை. ஏன் ஏற்பதில்லை என்பதற்கு விடை பட்டியலில் இல்லை, மரத்தில் இருக்கின்றது. காய் தன்னை மறைத்துக்கொள்வதில்லை. இலையின் நிறமும் காயின் நிறமும் ஒன்றாக இருப்பதால் மேலோட்டமாகப் பார்க்கும் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை, அவ்வளவே. மறைந்திருக்கும் காலமெல்லாம் அது வளர்ந்துகொண்டிருக்கின்றது. இலையை விலக்கிப் பார்ப்பவனுக்கு அது கிடைக்கும், கிடைத்தபின் பயன்படும். ஆகவேதான் ஆரவாரமின்றித் தொண்டு செய்பவருக்கும் புகழை நாடாத புலமையாளருக்கும் அவ்வுவமை பொருந்துகின்றது. பதுங்கிய திருடனுக்குப் பொருந்தவில்லை. மரத்தை ஒரு முறை உற்றுப் பார்த்த குழந்தைக்கு இவ்வேறுபாட்டை விளக்க ஐந்து நிமிடம் போதும். பொருளை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் மரத்தைப் பார்க்க வேண்டிய தேவையே அதற்கு எழாது.

தொல்காப்பியர் உவமவியலில் ஒப்புமை தோன்றும் இடங்களாக வினை, பயன், மெய், உரு என்னும் நான்கினைக் கூறினார். இவற்றையும் பட்டியலாக்கி மனனம் செய்விப்பதே இன்றைய வழக்கமாக உள்ளது. உண்மையில் அவை நான்கும் கேள்விகள். அந்தப் பொருள் என்ன செய்கின்றது? அதனால் விளைவது யாது? அதன் வடிவம் எத்தகையது? அதன் நிறம் யாது? புலி போலப் பாய்ந்தான் என்றவிடத்துப் புலியின் செயல் மட்டுமே வேண்டப்படுகின்றது. அதன் வரியும் வாலும் வேண்டப்படவில்லை. மழை போன்ற கை என்றவிடத்து மழையால் விளையும் பயன் கருதப்படுகின்றது; கையிலிருந்து நீர் சொட்டுவதாக எவரும் எண்ணுவதில்லை. எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்னும் இத்தேர்வே உவமையை உணரும் ஆற்றல். பொருளின் எல்லாப் பண்புகளையும் முதலில் கண்டவனே அவற்றுள் வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வல்லவன். ஒன்றைக்கூடக் காணாதவன் எதனைத் தேர்வான்?

உவமையில் ‘போல’ என்னும் சொல் கைகாட்டியாக நிற்கின்றது. உருவகத்தில் அக்கைகாட்டி அகற்றப்படுகின்றது. உவமைக்கும் பொருளுக்கும் இடையிலான வேற்றுமையை நீக்கி இரண்டும் ஒன்றே எனக் கூறுவது உருவகம் எனத் தண்டியலங்காரம் வகுக்கும். ஆனால் உருவகத்தை அணியிலக்கண நூலில்தான் தேட வேண்டும் என்பதில்லை. மலேசியத் தோட்டப்புறத் தமிழில் அது நாள்தோறும் வழங்கிய பேச்சு. ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறினால் வடியும் வெண்ணிற நீரைத் தோட்டத்து மக்கள் ‘பால்’ என்றனர். அதனை ஏந்தும் கிண்ணம் மங்கு, கீறலில் உறைந்து ஒட்டிக்கொண்டது ஒட்டுப்பால், மரமோ பால்மரம். பெயரிட்டவர் எவரும் கவிஞரல்லர். தாயகத்தில் கள்ளியும் ஆலும் எருக்கும் பால் வடிப்பதைக் கண்டு பழகியவர்கள், கண்ணால் கண்ட நிறத்தையும் பிசுபிசுப்பையும் கொண்டு பழைய சொல்லைப் புதிய மரத்திற்கு உரியதாக்கினர். அப்பெயர் நிலைத்தபின் அதனுள் மற்றொரு பொருளும் வந்து குடிபுகுந்தது. பால் என்றவுடன் தாய் நினைவுக்கு வருகின்றாள். ஈண்டோ பால் சுரப்பது காயத்திலிருந்து. மலேசியத் தோட்ட வாழ்வை வைத்து அகிலன் எழுதிய புதினத்திற்குப் ‘பால்மரக் காட்டினிலே’ என்று பெயர் சூட்டினார். தோட்டத்தை அறியாத வாசகர் அத்தலைப்பில் குளிர்ச்சியான ஒரு சோலையைக் கண்டால் வியப்பில்லை. அறிந்தவர் அதில் கத்தியையும் காண்பர்.

அவ்வாறே ‘அம்மா மரம் வெட்டப் போயிருக்கிறார்’ என்று ஒரு கதையில் வரும் சிறுவன் கூறுவதாகக் கொள்ளலாம். தோட்டத் தமிழில் மரம் வெட்டுதல் என்பது பட்டையைச் சீவிப் பால் எடுத்தலைக் குறிக்கும். அவ்வழக்கை அறியாத மாணவன், கோடரியுடன் காட்டிற்குச் சென்ற ஒரு தாயைக் கற்பனை செய்துகொண்டு, ‘காடுகளை அழிப்பதன் தீமை’ என்று கருப்பொருள் எழுதி முடிப்பான். அவன் சிந்திக்கவில்லை என்று சொல்ல முடியாது. சொல்லின் நேர்ப்பொருளே அவனுக்குக் கிட்டவில்லை. நேர்ப்பொருள் இல்லாத இடத்தில் எழுப்பப்படும் குறிப்புப்பொருள் எவ்வளவு அழகாயினும் மணலில் எழுப்பிய சுவரே ஆகும்.

மழையைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுதல் வேண்டும். ஏனெனில் வகுப்பறையில் மிகுதியாகத் தவறிப்போகும் குறிப்பு அதுவே. மழை என்றால் வளம், அருள், மகிழ்ச்சி என்று மாணவர் கற்றிருக்கின்றனர். நெல் விளையும் நிலத்தில் தோன்றிய இலக்கியத்தைப் பயிலுங்கால் அது பெரும்பாலும் பொருந்தும். திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் ரப்பர்த் தோட்டத்தின் கதை வேறு. பால் வெட்டுதல் விடியலுக்கு முன்போ விடியும் வேளையிலோ நடைபெறும் தொழில்; அக்குளிர்ந்த பொழுதில்தான் பால் நன்கு வடியும். பட்டை நனைந்திருந்தால் பால் கீறலின் வழியே ஓடாமல் மரமெங்கும் பரவி வீணாகும். மங்கில் சேர்ந்ததோ மழைநீருடன் கலந்து வழிந்தோடும். வெட்டு நின்றால் அன்றைய கூலியும் நின்றுவிடும் என்னும் நிலை நெடுங்காலம் இருந்தது. ஆகவே தோட்டத்தைக் களமாகக் கொண்ட ஒரு சிறுகதையில், இருள் பிரியாத வேளையில் தகரக் கூரையின்மேல் மழைத்துளி விழும் ஓசை கேட்கின்றது என்று ஆசிரியர் எழுதி, வேறெதுவும் கூறாமல் அடுத்த பத்திக்குச் சென்றுவிட்டால், அந்த வீட்டில் அன்று அடுப்பின் நிலை என்ன என்பதை அவர் கூறிவிட்டார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள் என்று ஒரு தொடர் சேர்த்தால் அதுவே மிகுதி. ‘மழை – மகிழ்ச்சி’ என்று மனனம் செய்தவன் இவ்விடத்தில், ‘இயற்கை அழகு சிறப்பாக வருணிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதுவான். வயல் நிலத்து மழைக்கு உரிய விடையை அவன் தோட்டத்து மழைக்கு எழுதிவிட்டான்.

ஒரு பொருள் எந்நிலத்தில், எவர் வாழ்வில், எப்பொழுதில் வருகின்றதோ அதற்கேற்பவே அதன் குறிப்பு அமையும் என்பதைத் தமிழ் இலக்கணத்தார் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தனர். முதல், கரு, உரி என்னும் பகுப்பின் உயிர் அதுவே. நிலமும் பொழுதும் முதலில் நிற்க, அங்கு வாழும் புள்ளும் விலங்கும் மரமும் தொழிலும் அடுத்து வர, மாந்தரின் உணர்ச்சி அவற்றோடு இணைந்து எழுகின்றது. உள்ளுறை உவமத்திற்கு, தெய்வம் நீங்கலாக உள்ள கருப்பொருள்களே நிலைக்களம் என்றார் தொல்காப்பியர். வெளிப்படையாக வரும் மற்றை உவமமோ தானே விளங்குவது. அதற்கு ஆராய்ச்சி வேண்டா. உள்ளுறை அவ்வாறு விளங்குவதன்று. மேலும் ஒரு நுட்பத்தை உவமவியலில் அவர் உரைத்தார். தலைவி உள்ளுறை கூறுவாளாயின் அவள் அறிந்த பொருளைக் கொண்டே கூறுதல் வேண்டும். தோழி கூறுவாளாயின் அவர்கள் வாழும் நிலத்தைவிட்டு அவளுடைய உவமை விலகுதல் கூடாது. இது புலவனுக்கு இடப்பட்ட விதி. ஆசிரியருக்கும் இதில் ஒரு குறிப்பு உண்டு. இன்றைய மாணவருள் பலர் நகரத்து அடுக்குமாடி வீடுகளில் வளர்கின்றனர். ரப்பர் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கின்றது. வேறு பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. பாட்டி அறிந்த மங்கைப் பெயர்த்தி அறியாள். சங்கப் பாடலின் தினைப்புனத்தை விளக்குவதற்கு எடுத்துக்கொள்ளும் முயற்சியில் ஒரு பங்கேனும் ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட தோட்டத்துச் சிறுகதையை விளக்குவதற்கும் எடுத்துக்கொள்ளல் வேண்டும் என்பது பலருக்கு இன்னும் தோன்றவில்லை. உள்நாட்டுக் கதை தானே என்று விட்டுவிடுகின்றனர்.

குறிப்புப்பொருளைத் தேடிச் செல்லும் வழியை ஒரு சிறு பாடலில் காட்டுதல் தகும். கபிலர் பாடிய குறுந்தொகை 25ஆம் பாடல் ஐந்தே அடிகளால் ஆனது. தலைவன் திருமணத்தை நீட்டித்துக்கொண்டே போகின்றான். அந்நிலையில் தலைவி தோழியிடம் பேசுகின்றாள். அவன் தன்னைக் கூடிய அன்று அங்கு வேறெவரும் இல்லை என்கின்றாள். இருந்தவன் அவன் ஒருவனே, அவனோ கள்வன். அவனே சொன்ன சொல்லிலிருந்து தவறினால் தான் என்ன செய்வது என்று வருந்துகின்றாள். இவ்வளவும் கூறியபின், ஏதோ நினைவுக்கு வந்தவள்போல, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும் நின்றது என்கின்றாள். அதன் கால்கள் தினைப்பயிரின் தாளைப் போன்று சிறுத்துப் பசுமையாக இருந்தன என்பதையும் கூறுகின்றாள்.

துணைநூல்களைப் புரட்டிப் பழகிய மாணவன் இப்பாடலில் முதலில் தேடுவது திணையை. குருகு உண்டு, மீன் உண்டு, நீர் உண்டு. ஆகவே மருதம் அல்லது நெய்தல் என்று எழுதிவிடுவான். பாடலோ குறிஞ்சி. ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்தில் வருவதற்குத் தொல்காப்பியர் இடம் கொடுத்திருக்கின்றார். திணையை முடிவு செய்வது களவொழுக்கமாகிய உரிப்பொருள். கருப்பொருள் அட்டவணை உதவுவதற்கு மாறாக இவ்விடத்தில் வழி தவறச் செய்கின்றது. அட்டவணையை மூடிவைத்துவிட்டுப் பேசுபவளைக் கவனித்தால் வேறொன்று புலப்படும். குருகின் காலுக்கு அவள் கண்ட உவமை தினைத்தாள். தினைப்புனம் காக்கும் மலைநாட்டுப் பெண்ணுக்கு மெல்லிய பசுந்தண்டு எதனைக் கண்டாலும் தினையே நினைவுக்கு வரும். தான் அறிந்ததைக் கொண்டே பேசுகின்றாள். அவள் எந்நிலத்தவள் என்பதை அந்த உவமையே சொல்லிவிடுகின்றது.

அடுத்துக் குருகு. தொல்காப்பியர் செய்யுளியலில் கூறிய 34 உறுப்புகளுள் எச்சம் என்பது ஒன்று. முன்னம் என்பது மற்றொன்று. சொல்லப்படாமல் எஞ்சி நின்று, கேட்பவரால் நிறைவு செய்யப்படுவது எச்சம். இந்த இடத்தில் இந்தச் சொல்லை இன்னார் இன்னாருக்குச் சொல்லத் தகும் என்று உணர வைப்பது முன்னம். இவ்விரண்டையும் விளக்கு எனக் கையில் ஏந்திக்கொண்டு குருகை அணுகுதல் வேண்டும். சான்று இல்லையே என்று கலங்குபவள் எதற்காகக் குருகை நினைக்கின்றாள்? அங்கு உயிருள்ள ஒன்று இருந்தது என்னும் ஆறுதலுக்காக. ஆனால் அவ்வுயிர் பேசாது. பேச வல்லதாயினும் பயனில்லை. அது அவர்களைப் பார்க்கவில்லை, ஆரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேராக் மாநிலத்தின் கிந்தாப் பள்ளத்தாக்கில் பழைய ஈயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற குட்டைகளின் ஓரத்தில் கொக்கு நிற்பதைக் கண்ட மாணவனுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கழுத்தைச் சற்றே முன்னே நீட்டி, ஒரு காலை எடுத்து வைப்பதற்குக்கூட அஞ்சுவதுபோல அது நிற்கும். அதன் உலகம் முழுவதும் அலகின் நுனியிலிருந்து நீர்ப்பரப்பு வரையுள்ள சிறு இடைவெளியே. அத்தகைய பறவையைச் சான்றாகக் காட்டுபவளின் நிலை எவ்வளவு இரங்கத்தக்கது! ‘குருகும்’ என்னும் சொல்லில் உள்ள உம்மை அவ்வளவு துயரத்தையும் தாங்கி நிற்கின்றது. இலக்கண வகுப்பில் உம்மையின் வகைகளைப் பட்டியலிடும் மாணவன் இந்த ஓர் உம்மையை உணர்ந்தால் போதும்.

இன்னும் ஒரு படி செல்லலாமா? குருகு அசையாமல் நிற்பது தவத்தால் அன்று, இரையின் பொருட்டு. தலைவனும் அன்று அன்பனாகத் தோன்றியது அத்தகைய காத்திருப்புத்தானோ என்னும் ஐயம் அவள் உள்ளத்தில் எழுந்திருக்கலாம். இதனைத் துணிந்து கூறுவதற்குப் பாடலில் இடம் உண்டா எனின், உண்டு. அவனைக் கள்வன் என்று அவளே கூறிவிட்டாள். அச்சொல் இல்லாவிடில் இவ்வொப்புமை வாசகனின் கற்பனையாக மட்டுமே நின்றுவிடும். அடுத்து, நீர் ஓடுகின்றது என்று கூறப்பட்டிருப்பதால், காலமும் அவன் கொடுத்த வாக்கும் ஓடிப்போவதை அது குறிக்கின்றது என்று ஒருவர் கூறலாம். இதற்கு ஒரு சொல் ஆதரவாக உள்ளது. ஆயினும் அச்சொல் ஆரல் வாழும் இடத்தைக் காட்டுவதற்கு வந்ததாகவும் இருக்கலாம். ஏற்கலாம், வற்புறுத்தல் ஆகாது. இனி, குருகு வெண்ணிறமுடையது. வெண்மை தூய்மையைக் குறிக்கும். ஆகவே குருகு அவர்களுடைய தூய காதலின் சின்னம் என்று ஒரு மாணவன் எழுதினால்? கேட்பதற்கு இனிமையாகவே இருக்கும். ஆனால் பாடலில் வெண்மை இல்லை. கபிலர் காட்டிய நிறம் பசுமை. அதுவும் காலின் நிறம். பாடல் காட்டாத நிறத்தைக் கொண்டுவந்து அதன்மேல் கட்டிய பொருள் விழுந்துவிடும். மூன்று விடைகளும் ஒரே தரத்தன அல்ல என்பதை மாணவர் உணருமாறு செய்வதே ஆசிரியரின் வேலை. ‘கவிதைக்கு ஆளுக்கொரு பொருள்’ என்று கூறி ஒதுங்கிக்கொள்வது பெருந்தன்மைபோலத் தோன்றும். உண்மையில் அது சோம்பல்.

இதனை உள்ளுறை என்பதா, இறைச்சி என்பதா என்னும் வாதத்தில் மாணவரை இழுத்துவிடுதல் வேண்டா. உரையாசிரியர்களே அவ்விரண்டின் எல்லையை ஒரே வகையாக வரையறுக்கவில்லை. பெயர் பின்னர் வரட்டும்.

பொருளை உணர்த்தாமல் உவமையை மட்டும் கூறி நிறுத்துவதும் உண்டு. அதனைப் பிறிதுமொழிதல் என்பர். தண்டியலங்காரம் ஒட்டு என்னும். திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வரும் 475ஆம் குறள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மயிலிறகு மிக இலேசான பொருள். அதனையும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துபோகும் என்பதே அக்குறள் கூறும் செய்தி. மனிதரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பள்ளிகளில் இதற்கு ‘எதையும் அளவோடு செய்ய வேண்டும்’ என்னும் பொருள் எளிதாகக் கூறப்படுகின்றது. தவறு என்று தள்ளிவிட முடியாத பொருள்தான். ஆனால் குறள் நிற்கும் இடத்தை நோக்குதல் வேண்டும். பகைவனின் வலியையும் தன் வலியையும் துணைவரின் வலியையும் எடைபோட வேண்டும் என்று அரசனுக்குக் கூறும் அதிகாரம் அது. அவ்விடத்தில் மயிலிறகு யார்? ஒவ்வொருவராகப் பார்த்தால் எளியராகத் தோன்றும் பகைவர். அச்சு யார்? தன் வலிமையில் இறுமாந்திருக்கும் வேந்தன். எளியர்தாமே என்று பலரோடு பகை தேடிக்கொண்டவன், அவர் ஒன்றுகூடிய நாளில் முறிந்துபோவான் என்று பரிமேலழகர் உரைப்பதற்கு அதிகாரமே துணை. குறளைத் தனியே பெயர்த்தெடுத்துச் சுவரில் எழுதியபொழுது அதிகாரம் உதிர்ந்துவிட்டது. வேந்தனும் பகைவரும் உதிர்ந்துவிட்டனர். பொதுவான அறிவுரை ஒன்று மட்டும் எஞ்சியது. மாட்டுவண்டியின் அச்சைக் கண்டிராத மாணவனுக்குச் செம்பனைக் குலைகளை மிகுதியாக ஏற்றிய லாரியைக் காட்டலாம். ஆயின் குலை கனமானது, இறகு கனமற்றது. அவ்வேறுபாட்டையும் கூறாவிட்டால் குறளின் கூர்மையே மழுங்கிவிடும். கனமற்றதுதான் அச்சை முறிக்கின்றது.

குறிப்பைக் காணாமை ஒரு குறை என்றால், இல்லாத குறிப்பைக் காண்பது மற்றொரு குறை. அது கற்றவரிடமே மிகுதியாகக் காணப்படுகின்றது. நச்சினார்க்கினியரின் புலமைக்கு ஈடு சொல்வது அரிது. அவர் பத்துப்பாட்டிற்கு உரை வகுக்குங்கால், ஓரிடத்துச் சொல்லை நெடுந்தொலைவில் உள்ள மற்றொரு சொல்லுடன் கொண்டுசென்று இணைத்துப் பொருள் கண்டார். மாட்டு என்னும் செய்யுளுறுப்பு அதற்கு இடந்தருகின்றது என்பது அவர் கருத்து. முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சியுரை எழுதிய மறைமலையடிகள் இம்முறையை வன்மையாகக் கண்டித்தார். புலவன் ஓர் ஒழுங்கில் வைத்த சொற்களை உரைகாரர் தம் விருப்பப்படி மாற்றினால், கிடைக்கும் பொருள் பாட்டின் பொருளாகாது என்பது அடிகளின் வழக்கு. அடிகளின் கண்டனத்தில் சிறிது சூடு மிகுதி என்று கூறலாம். ஆனால் வாசிப்பவனுக்கு அவர் வகுத்த எல்லை சரியானதே. இக்காலத்துத் திறனாய்வுக் கட்டுரைகளிலும் இதே நோய் வேறு உருவில் வருகின்றது. கதையில் கதவு திறந்தால் விடுதலை; மூடினால் அடிமைத்தனம்; காகம் கரைந்தால் மரணம். சில கதைகளில் கதவு காற்றுக்காகத் திறக்கின்றது. மழைகூடச் சில கதைகளில் வெறும் மழையாகவே பெய்கின்றது. ஒரு பொருள் மீண்டும் மீண்டும் வருகின்றதா, கதையின் திருப்பத்தில் வருகின்றதா, தேவைக்கு மிகுதியாக விவரிக்கப்படுகின்றதா என்று பார்த்தபின்னரே அதனுள் வேறு பொருள் உண்டெனத் துணிய வேண்டும்.

ஆறாம் ஆண்டு மாணவருக்கான யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. தேர்வு போனாலும் பட்டியல் போகவில்லை. உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள் என்று சிலவற்றை வகுத்து, அவற்றிற்கும் பயிற்சி நூல்களில் ஆயத்த விடை அச்சிட்டு விற்கின்றனர். சிந்தித்து எழுத வேண்டிய விடையை மனனம் செய்து எழுதுவது நகைப்பிற்குரியது. ஆனால் மாணவரைப் பழிப்பதில் பயனில்லை. ‘இப்பாடலின் உட்பொருள் யாது?’ என்று மட்டும் வினவும் வரை அவர்கள் மனனம் செய்துகொண்டுதான் இருப்பார்கள். ‘எந்தச் சொல்லால் அதனை அறிந்தாய்?’ என்னும் இரண்டாம் கேள்வியைச் சேர்த்து, மதிப்பெண்ணில் பெரும்பகுதியை அதற்கு ஒதுக்கினால், துணைநூலின் விடை தானே வலுவிழந்துவிடும். திருத்தும் ஆசிரியருக்கு வேலை மிகும் என்பதை மறுப்பதற்கில்லை. ஒவ்வொரு விடையையும் பாடலோடு ஒத்துப் பார்த்தல் வேண்டும். விடைக்குறிப்பில் இல்லாத விடை சரியாகவும் இருக்கக்கூடும். நாற்பது தாள்களைத் திருத்தும் மாலையில் அது சிறிய சுமையன்று.

அத்தகைய விடை ஒன்று கபிலரின் பாடலுக்கு உண்டு. அந்தக் குருகின் கண்ணையோ அலகையோ சிறகையோ தலைவி கூறவில்லை. காலை மட்டுமே கூறுகின்றாள். அதன் பருமனையும் நிறத்தையும் தினைத்தாளோடு ஒப்பிடும் அளவிற்கு நினைவில் வைத்திருக்கின்றாள். நீரில் நிற்கும் பறவையின் காலை அவ்வளவு நுணுக்கமாகக் கண்டவளின் பார்வை அன்று தாழ்ந்திருந்தது என்று ஒரு மாணவி எழுதுவாளாயின், அவளுக்கு முழு மதிப்பெண் அளிக்கலாம். தாழ்ந்தது நாணத்தாலா, அச்சத்தாலா என்று அவள் மேலும் எழுதினால், எந்தச் சொல்லால் அறிந்தாய் என்று கேட்க வேண்டும். அதற்குப் பாடலில் சொல் இல்லை.